போன அணு திரும்புமா? சீரியாவும் மாலிப்டினம் டைசல்பைடும்: ஓர் ஒப்பாய்வு

பெட்ரோல் நம் வண்டியின் டேங்கில் இறங்குவதற்கு முன்பே ஒரு வகை அணு வெற்றிடத்தைத் தொட்டுவிட்டு வருகிறது. எஞ்சினில் எரிந்து புகையாக வெளியேறும்போது இன்னொரு வகை வெற்றிடத்தைத் தொட்டுவிட்டுப் போகிறது. முதலாவது, சுத்திகரிப்பு ஆலையில் எரிபொருளிலிருந்து கந்தகத்தைப் பிரித்தெடுக்கும் மாலிப்டினம் டைசல்பைடில் ஒரு கந்தக அணு இல்லாமல் போன இடம். இரண்டாவது, சைலன்சருக்கு முன்னால் பொருத்தியிருக்கும் வினையூக்கி மாற்றியில், சீரியம் டைஆக்சைடில் ஓர் ஆக்சிஜன் அணு இல்லாமல் போன இடம். இரண்டு இடங்களிலும் வேலை செய்பவை சில நானோமீட்டர் அளவிலான துகள்கள். இரண்டிலும் அந்த வேலைக்கு ஆதாரம், படிகத்திலிருந்து ஓர் அணு கழன்றுபோயிருப்பது.

இந்த இரண்டையும் அருகருகே வைத்துப் பார்க்க ஒரு காரணம் உண்டு. ‘வெற்றிடத்தைக் கூட்டினோம், வினைத்திறன் கூடியது’ என்ற வரி இன்று நானோ வினையூக்கிகள் பற்றிய ஆய்வேடுகளில் சூத்திரம்போலப் புழங்குகிறது. அது பொய்யல்ல. ஆனால் பாதி உண்மை. எத்தனை வெற்றிடங்கள் என்பது பிறகு கேட்க வேண்டிய கேள்வி. போன அணு எலக்ட்ரான்களை யாரிடம் விட்டுப்போனது, காலியான இடத்துக்கு அடுத்து எது வருகிறது, வந்தது எப்படி வெளியேறுகிறது என்பவைதான் முதலில் கேட்க வேண்டியவை. சீரியாவும் மாலிப்டினம் டைசல்பைடும் இந்தக் கேள்விகளுக்கு முற்றிலும் வேறுவேறு விடைகளைத் தருகின்றன. ‘வெற்றிடம்’ என்ற ஒரே பெயரில் இரண்டையும் அடக்குவது எவ்வளவு தவறு என்பது அப்போதுதான் புலப்படும்.

குறையே இல்லாத படிகம் என்று ஒன்று இயற்கையில் கிடையாது. வெப்பம் இருக்கும்வரை சில அணுக்கள் தம் இடத்தைவிட்டு விலகத்தான் செய்யும் என்று 1926-இல் யாகோவ் ஃபிரெங்கல் எழுதினார். பன்னிரண்டாம் வகுப்பு வேதியியலில் ஷாட்கி குறைபாடு, ஃபிரெங்கல் குறைபாடு என்று படித்தது நினைவிருக்கும். ஃபிரெங்கல் எழுதியதற்கு ஓராண்டு முன்பு, 1925-இல், பிரின்ஸ்டன் பல்கலைக்கழகத்தின் ஹியூ டெய்லர் வேறொரு திசையிலிருந்து அதே இடத்துக்கு வந்தார். ஒரு வினையூக்கியின் பரப்பிலுள்ள எல்லா அணுக்களும் வேலை செய்வதில்லை, மிகச் சில இடங்களே வினையை நடத்துகின்றன என்பது அவர் வாதம். அந்தச் சில இடங்கள் எவை என்று அணு அணுவாகக் காட்டும் கருவிகள் அப்போது இல்லை. அவை கிடைக்க அரை நூற்றாண்டுக்கு மேல் ஆயிற்று.

சீரியாவிலிருந்து தொடங்குவோம். சீரியம் டைஆக்சைடைத்தான் சுருக்கமாகச் சீரியா என்கிறார்கள். சீரியம் தமிழ்நாட்டுக்கு அந்நியமான தனிமம் அல்ல. கன்னியாகுமரி மாவட்டத்து மணவாளக்குறிச்சியிலிருந்து ஏற்றுமதியான கயிற்றில் ஒட்டியிருந்த மணலில் மோனசைட் இருப்பதை 1909-இல் ஷோம்பெர்க் என்ற ஜெர்மானிய வேதியியலர் கண்டார். அன்று ஜெர்மானியர்களுக்கு வேண்டியிருந்தது மோனசைட்டிலுள்ள தோரியம். வாயு விளக்கின் மேண்டில் செய்வதற்காக. அந்த மேண்டிலிலேயே தோரியம் ஆக்சைடோடு சுமார் 1% சீரியம் ஆக்சைடு கலந்திருக்கும். வெள்ளை வெளிச்சத்துக்கு அந்த ஒரு சதவீதம் இன்றியமையாதது. மோனசைட்டிலுள்ள அருமண் தனிமங்களில் பெரும்பங்கு சீரியமே.

சீரியாவின் படிக அமைப்பு எளிமையானது. ஒவ்வொரு சீரியத்தைச் சுற்றியும் எட்டு ஆக்சிஜன், ஒவ்வோர் ஆக்சிஜனைச் சுற்றியும் நான்கு சீரியம். இந்த அமைப்பின் தனிச்சிறப்பு, ஆக்சிஜன் வெளியேறினாலும் சட்டகம் குலைவதில்லை என்பது. ஆக்சிஜன் படிகத்துக்குள் இரண்டு கூடுதல் எலக்ட்ரான்களோடு அயனியாக இருக்கிறது. கார்பன் மோனாக்சைடு மூலக்கூறு ஒன்று பரப்பில் வந்து அந்த ஆக்சிஜனைப் பறித்துக்கொண்டு கார்பன் டைஆக்சைடாகப் பறந்துபோகும்போது, அந்த இரண்டு எலக்ட்ரான்களும் படிகத்திலேயே தங்கிவிடுகின்றன. அவை எங்கே தங்குகின்றன என்பதில்தான் சீரியாவின் மகத்துவம் இருக்கிறது. ஒவ்வோர் எலக்ட்ரானும் ஒரு சீரியம் அயனியின் உள்ளடங்கிய எஃப் ஆர்பிட்டாலில் போய் அமர்கிறது. நான்கு நேர்மின் சுமை கொண்டிருந்த சீரியம் மூன்றாக இறங்குகிறது. அயனியின் ஆரம் சுமார் 0.097 நானோமீட்டரிலிருந்து 0.114-ஆக வீங்குகிறது. சீரியத்துக்கு இந்த இரண்டு நிலைகளும் ஏறத்தாழ சம அளவில் இசைவானவை. அதனால்தான் போவதும் வருவதும் அதற்கு இவ்வளவு எளிது.

இப்போது வினையூக்கி மாற்றிக்குள் நடப்பதைப் பார்ப்போம். பெட்ரோல் எஞ்சினில் ஒரு பங்கு எரிபொருளுக்கு எடையளவில் சுமார் 14.7 பங்கு காற்று இருந்தால்தான் எரிதல் கச்சிதமாக இருக்கும். கட்டுப்பாட்டுக் கருவி அந்த விகிதத்தை அப்படியே பிடித்து நிறுத்துவதில்லை. அதைச் சுற்றி மேலும் கீழுமாக, நொடிக்கு ஏறத்தாழ ஒருமுறை, புகையின் தன்மை ஊசலாடிக்கொண்டே இருக்கும். எரிபொருள் மிகுந்த கணத்தில் புகையில் கார்பன் மோனாக்சைடும் எரியாத ஹைட்ரோகார்பன்களும் மிகுதி, அவற்றை எரிக்க ஆக்சிஜன் பற்றாக்குறை. அப்போது சீரியா தன் ஆக்சிஜனைக் கொடுக்கிறது. பரப்பில் வெற்றிடங்கள் பிறக்கின்றன. அடுத்த கணம் காற்று மிகுந்து வருகிறது. வெற்றிடங்கள் புகையிலுள்ள ஆக்சிஜனை இழுத்துக்கொள்கின்றன. நைட்ரிக் ஆக்சைடு வந்தாலும் அதன் ஆக்சிஜனை வெற்றிடம் பிடித்துவைக்கும், நைட்ரஜன் விடுபட்டுப்போகும். பிளாட்டினம், பல்லேடியம், ரோடியம் ஆகிய உலோகங்கள் இந்தக் கொடுக்கல் வாங்கலை விரைவுபடுத்துகின்றன. வினையூக்கியே தன் படிகத்திலுள்ள ஆக்சிஜனைக் கொடுத்துவிட்டுப் பிறகு காற்றிலிருந்து ஈடுகட்டிக்கொள்ளும் இந்த முறைக்கு மார்ஸ்–வான் கிரெவலன் வழிமுறை என்று பெயர். நெதர்லாந்தைச் சேர்ந்த அவ்விருவரும் 1954-இல் வனேடியம் ஆக்சைடுக்காக இதை முன்வைத்தார்கள். 1980-களின் தொடக்கத்தில் சீரியா வண்டிகளுக்குள் நுழைந்தது. இந்தியாவில் 1995-இல் சென்னை உள்ளிட்ட நான்கு பெருநகரங்களில், புதிய பெட்ரோல் கார்களுக்கு வினையூக்கி மாற்றி கட்டாயமானது.

பரப்பிலுள்ள ஆக்சிஜன் மட்டுமே பயன்படுமென்றால் இருப்பு சீக்கிரம் தீர்ந்துவிடும். வெற்றிடம் உள்ளே நகர்ந்து, உள்ளிருக்கும் ஆக்சிஜன் மேலே வர வேண்டும். ஆடுபுலி ஆட்டத்தில் எல்லா முனைகளிலும் காய் நிரம்பியிருந்தால் ஒரு காயும் நகராது; ஒரு முனை காலியானால்தான் ஆட்டமே. சீரியாவில் ஒரு வெற்றிடம் பக்கத்து இடத்துக்கு நகரத் தாண்ட வேண்டிய ஆற்றல் தடை ஏறத்தாழ 0.5 எலக்ட்ரான் வோல்ட்தான். சூடான புகையில் அது பெரிய தடையே அல்ல. 1990-களில் சிர்கோனியத்தைக் கலந்தபோது இந்த நகர்வு இன்னும் எளிதாயிற்று. சிர்கோனியம் அயனி உருவில் சிறியது. சீரியம் வீங்கும்போது ஏற்படும் நெருக்கடியை அது தளர்த்துகிறது. ஏறத்தாழ 1000 டிகிரி செல்சியஸைத் தொடும் சூட்டிலும் துகள்கள் ஒன்றோடொன்று உருகி ஒட்டிப் பெருத்துப்போகாமலும் ஓரளவு காக்கிறது.

நானோ அளவு எதற்காக என்ற கேள்விக்கு இங்கே தெளிவான விடை உண்டு. துகள் சிறுக்கச் சிறுக்க விளிம்பிலும் மூலையிலும் இருக்கும் ஆக்சிஜன்களின் பங்கு கூடுகிறது. அவற்றைப் பிடித்து வைத்திருக்கும் சீரியம் குறைவு, ஆகவே கழல்வது எளிது. துகளின் வடிவமும் முக்கியம். 2005-இல் பெய்ஜிங்கின் சிங்ஹுவா பல்கலைக்கழகத்தில் லி யாதோங் குழுவினர் சீரியாவை நானோ கம்பிகளாக வளர்த்துக் காட்டினார்கள். சாதாரணத் துகள்களில் பெரும்பாலும் வெளித்தெரிவது மிகவும் நிலையான, ஆக்சிஜனை இறுகப் பிடிக்கும் முகம். கம்பிகளில் வெளித்தெரிந்தது அதைவிட எளிதாக ஆக்சிஜனை விட்டுக்கொடுக்கும் முகங்கள். கார்பன் மோனாக்சைடை எரிப்பதில் கம்பிகள் முந்தின. அதே வேதிப்பொருள், அதே தூய்மை. படிகம் எந்தப் பக்கத்தைக் காட்டிக்கொண்டு நிற்கிறது என்பதுதான் வேறுபாடு.

இனி மாலிப்டினம் டைசல்பைடு. லாரிப் பட்டறைகளில் சேஸிஸ் மூட்டுகளுக்குப் பூசும் கருப்பு கிரீஸில் கலந்திருப்பது இதுதான். கந்தகம், மாலிப்டினம், கந்தகம் என்று மூன்று அணுத் தளங்கள் சேர்ந்து ஓர் ஏடு. ஏட்டுக்கும் ஏட்டுக்கும் இடையிலான தொலைவு சுமார் 0.615 நானோமீட்டர். ஏட்டுக்குள் பிணைப்பு வலிமையானது, ஏடுகளுக்கிடையே மிகவும் பலவீனமானது. எனவே ஏடுகள் வழுக்குகின்றன. மசகுப் பொருளாக இதைச் சிறப்பாக்குவது எதுவோ, வினையூக்கியாக இதன் பலவீனமும் அதுவே. ஏட்டின் தட்டையான முகம் முழுவதும் கந்தக அணுக்கள். ஒவ்வொன்றும் கீழே மூன்று மாலிப்டினத்தோடு பிணைந்து நிறைவாக இருப்பதால் வெளியிலிருந்து வரும் எதனோடும் அதற்குப் பெரிய ஈடுபாடு இல்லை. நீரிலிருந்து ஹைட்ரஜன் எடுக்கும் வினையில், ஒரு ஹைட்ரஜன் அணு வந்து ஒட்டுவதற்கான ஆற்றல் கணக்கு பூஜ்யத்தை ஒட்டி இருக்க வேண்டும். ஒட்டவும் வேண்டும், விடவும் வேண்டும். பிளாட்டினத்தில் அப்படித்தான் இருக்கிறது. மாலிப்டினம் டைசல்பைடின் தட்டை முகத்தில் அது சுமார் 2 எலக்ட்ரான் வோல்ட். ஹைட்ரஜன் கிட்டவே வராது என்று பொருள்.

ஏட்டின் விளிம்பு அப்படியல்ல என்பது 2005-இல் கணக்கீட்டாலும் 2007-இல் சோதனையாலும் உறுதியாயிற்று. டென்மார்க் ஆய்வாளர்கள் தங்கத்தின் மீது சிறு சிறு மாலிப்டினம் டைசல்பைடுத் தட்டுகளை வளர்த்து, ஒவ்வொரு மாதிரியிலும் விளிம்பின் மொத்த நீளத்தையும் பரப்பையும் அளந்தார்கள். வினையின் வேகம் நீளத்தோடு சேர்ந்து ஏறியது, பரப்போடு அல்ல. இந்தத் துறையில் எனக்கு மிகவும் பிடித்த சோதனை இது. டெய்லரின் வாதத்துக்கு இதைவிட நேரான சான்று அரிது.

விளிம்பு மட்டுமே வேலை செய்கிறது என்றால் பொருளின் பெரும்பகுதி வீண். தட்டை முகத்தையும் வேலைக்கு இழுக்க முடியுமா? 2016-இல் ஸ்டான்ஃபோர்டின் சியாவோலின் செங், யென்ஸ் நோர்ஸ்கோவ் ஆகியோரின் குழுக்கள் ஆர்கான் பிளாஸ்மாவால் தட்டை முகத்திலிருந்து கந்தக அணுக்களைத் தட்டியெடுத்தன. ஒரு கந்தகம் போனதும் அதன் கீழிருந்த மூன்று மாலிப்டினம் அணுக்கள் வெளியே தெரிகின்றன. அவற்றின் நிறைவடையாத பிணைப்புகளால், எலக்ட்ரான்கள் இருக்கக்கூடாத ஆற்றல் இடைவெளிக்குள் புதிய நிலைகள் தோன்றுகின்றன. அங்கே ஹைட்ரஜன் ஒட்டுகிறது. வெற்றிடம் மட்டும் போதவில்லை என்பதையும் அவர்கள் கண்டார்கள். கூரான தங்கக் கூம்புகள் மீது ஏட்டைப் போர்த்தி இழுவிசைக்கு உட்படுத்தியபோதுதான் அந்த ஆற்றல் கணக்கை நினைத்தபடி பூஜ்யத்தை நோக்கி நகர்த்த முடிந்தது. மறு ஆண்டே, பிளாஸ்மா இல்லாமல், மின்வேதி முறையில் போதிய எதிர் மின்னழுத்தம் கொடுத்தாலே கந்தகம் ஹைட்ரஜன் சல்பைடாக வெளியேறி வெற்றிடம் உண்டாகும் என்றும் காட்டப்பட்டது.

இரண்டு வெற்றிடங்களையும் இப்போது நேருக்கு நேர் நிறுத்தலாம். எலக்ட்ரான்களை எடுத்துக்கொள்ளுங்கள். சீரியாவில் அவை தனித்தனி சீரியம் அயனிகளில் போய் ஒடுங்குகின்றன. அயனியின் உருவமே மாறுகிறது. படிகம் முழுவதும் அந்த மாற்றத்தை உணர்கிறது. மாலிப்டினம் டைசல்பைடில் அவை வெற்றிடத்தைச் சுற்றியுள்ள மூன்று மாலிப்டினங்களுக்குப் பொதுவாக, அந்த இடத்திலேயே நிற்கின்றன. சீரியாவில் வெற்றிடத்தின் விளைவு அயலுக்குப் பரவுகிறது. மாலிப்டினம் டைசல்பைடில் அது அந்த ஒரு குழிக்குள் அடங்கியிருக்கிறது.

நகர்வில் வேறுபாடு இன்னும் கூர்மையானது. தனித்த ஒரு கந்தக வெற்றிடம் பக்கத்து இடத்துக்கு நகரத் தேவையான ஆற்றல் 2 எலக்ட்ரான் வோல்ட்டுக்கும் மேல் என்று கணக்கீடுகள் சொல்கின்றன. சீரியாவின் தடையைவிட நான்கு மடங்குக்கு மேல். இந்த வேறுபாடு வேகக் கணக்கின் அடுக்குக்குறியில் வருவதால், அறை வெப்பத்தில் கந்தக வெற்றிடம் ஏறத்தாழ அசையாது. எங்கே உருவாக்கினோமோ அங்கேயே இருக்கும். சீரியாவில் அடிவயிற்றிலிருந்து ஆக்சிஜன் மேலே வரும். இங்கே உள்ளிருந்து எந்தக் கந்தகமும் வந்து சேராது. சீரியாவின் வெற்றிடத்தை இருப்புக் கணக்காகப் பார்க்க வேண்டும், கந்தக வெற்றிடத்தை இடமாகப் பார்க்க வேண்டும். ஒன்றின் தரத்தை அளக்க, ஒரு கிராம் சீரியா எவ்வளவு ஆக்சிஜனைக் கொடுத்து வாங்குகிறது என்று கேட்போம். மற்றொன்றின் தரத்தை அளக்க, ஒரு வெற்றிடத்தில் நொடிக்கு எத்தனை மூலக்கூறுகள் உருவாகின்றன என்று கேட்போம். இரண்டையும் ஒரே வரைபடத்தில் போட்டு ஒப்பிடுவதில் பொருள் இல்லை.

இங்கே ஒரு சிக்கலைச் சொல்லியாக வேண்டும்; இல்லையென்றால் ஒப்பீடு அளவுக்கு மீறி எளிதாகிவிடும். கந்தக வெற்றிடம் எப்போதும் காலியாகவே இருந்து வேலை செய்கிறது என்று நினைத்துவிடக் கூடாது. ஹைட்ரஜன் எடுக்கும் வினையில் ஹைட்ரஜன் வருகிறது, இணைகிறது, போகிறது. வெற்றிடம் வெற்றிடமாகவே நிற்கிறது. ஆனால் சுத்திகரிப்பு ஆலையில் கந்தகம் நீக்கும் வினையில் கதை சீரியாவை நெருங்கிவிடுகிறது. எரிபொருளிலுள்ள தயோஃபீன் போன்ற மூலக்கூறு தன் கந்தக முனையால் விளிம்பிலுள்ள வெற்றிடத்தில் வந்து அமர்கிறது. கார்பன்–கந்தகப் பிணைப்புகள் ஹைட்ரஜனால் அறுபடுகின்றன. மூலக்கூறு போய்விடுகிறது, கந்தகம் குழியில் தங்கிவிடுகிறது. பிறகு ஹைட்ரஜன் அந்தக் கந்தகத்தை ஹைட்ரஜன் சல்பைடாக்கி வெளியேற்றினால்தான் குழி மறுபடி திறக்கும். வினைக்கலனில் ஹைட்ரஜன் சல்பைடு அளவுக்கு மீறிச் சேர்ந்துவிட்டால் குழிகள் அடைபட்டு வேகம் குறையும் என்பது சுத்திகரிப்பு ஆலைப் பொறியாளர்களுக்கு அன்றாட அனுபவம். வினை முழுவதும் வெற்றிடத்தில்தான் நடக்கிறது என்றும் சொல்ல முடியாது. விளிம்பை ஒட்டி உலோகத் தன்மையோடு இருக்கும் ஒரு வரிசை இடங்களும் பங்கெடுப்பதை டென்மார்க்கின் ஆர்ஹூஸ் ஆய்வாளர்கள் எஸ்டிஎம் நுண்ணோக்கிப் படங்களால் காட்டியிருக்கிறார்கள். ஆக, வெற்றிடத்தின் நடத்தையைத் தீர்மானிப்பது பொருள் மட்டுமல்ல, அதன்மீது நாம் நடத்தும் வினையும்தான்.

இடமும் அப்படியே. 2021-இல் சீனாவின் தாலியன் ஆய்வாளர்கள், தட்டை முகத்தில் கந்தக வெற்றிடம் மிகுந்த மாலிப்டினம் டைசல்பைடைக் கொண்டு கார்பன் டைஆக்சைடை 180 டிகிரி செல்சியஸில் மெத்தனாலாக மாற்றினார்கள். கார்பன் டைஆக்சைடில் 12.5% மாறியது, மாறியதில் 94.3% மெத்தனால். வினையூக்கி 3000 மணி நேரத்துக்கு மேல் சோர்வின்றி ஓடியது. அதே பொருளின் விளிம்பிலுள்ள வெற்றிடங்கள் மெத்தனாலோடு நிற்பதில்லை, மீத்தேன்வரை தள்ளிவிடுகின்றன. இரண்டுமே கந்தக வெற்றிடம். ஒன்று வேண்டிய பொருளைத் தருகிறது, மற்றொன்று வேண்டாததைத் தருகிறது. எண்ணிக்கையை மட்டும் பார்ப்பவர் இந்த வேறுபாட்டைக் கோட்டைவிடுவார்.

எண்ணிக்கைக்கும் எல்லை உண்டு. ஏடுரித்து எடுத்த இயற்கையான மாலிப்டினம் டைசல்பைடிலேயே சதுர சென்டிமீட்டருக்கு ஏறத்தாழ 10 லட்சம் கோடி வெற்றிடங்கள் இருப்பதாக 2015-இல் எலக்ட்ரான் நுண்ணோக்கி கொண்டு எண்ணியிருக்கிறார்கள். கேட்கப் பெரிய எண். ஆனால் ஒரு முகத்திலுள்ள கந்தக இடங்களில் அது நூற்றில் ஒன்றுதான். அதைப் பல மடங்கு கூட்டலாம். அளவு மீறினால் மாலிப்டினம் தனியே திரண்டு ஏடு சிதையும். சீரியாவில் நான்கில் ஒரு பங்கு ஆக்சிஜன் போய்விட்டால் அது டைஆக்சைடே அல்ல, வேறு அமைப்பு கொண்ட சீரியம் செஸ்குவி ஆக்சைடு.

சீரியாவில் எண்ணிக்கை ஏமாற்றும் இன்னொரு வழியும் உண்டு. மூன்று சுமை கொண்ட கடோலினியத்தைக் கலந்தால், இரண்டு கடோலினியத்துக்கு ஓர் ஆக்சிஜன் வெற்றிடம் என்ற கணக்கில் வெற்றிடங்கள் கட்டாயமாக உருவாகும். ஆனால் அவற்றோடு எலக்ட்ரான் எதுவும் மிஞ்சாது. சீரியம் நான்கிலேயே நிற்கும். அயனி கடத்தலுக்கு இது மிக நல்லது, திட ஆக்சைடு எரிபொருள் கலன்களில் பயன்படுகிறது. ஆனால் ஒரு மூலக்கூறுக்கு எலக்ட்ரானைத் தந்து அதன் பிணைப்பைத் தளர்த்தும் வேலைக்கு இந்த வெற்றிடங்கள் தாமாக உதவுவதில்லை.

வெற்றிடத்தில் வேறோர் உலோக அணுவைக் குடியேற்றும் முயற்சி இரு பக்கமும் நடந்திருக்கிறது. 2016-இல் அமெரிக்காவின் நியூ மெக்சிகோ பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த அபய தாத்தியே உள்ளிட்டோர், அலுமினா மீதிருந்த பிளாட்டினத்தைச் சீரியாவோடு கலந்து காற்றில் 800 டிகிரிக்குச் சூடாக்கினார்கள். வழக்கமாக அந்தச் சூட்டில் பிளாட்டினம் திரண்டு பெரிய உருண்டைகளாகும். இங்கே அது ஆவியாகி வந்து சீரியாவின் படிவிளிம்புகளிலும் குறைபாடுகளிலும் தனித்தனி அணுக்களாகச் சிக்கிக்கொண்டது. 2017-இல் ஆக்ஸ்ஃபோர்டின் எட்மன் சாங் குழுவினர் மாலிப்டினம் டைசல்பைடின் கந்தக வெற்றிடங்களில் தனிக் கோபால்ட் அணுக்களை அமர்த்தினார்கள். உயிரிக்கழிவு எண்ணெய்களிலிருந்து ஆக்சிஜனை நீக்கும் வினையை 300 டிகிரியிலிருந்து 180 டிகிரிக்குக் கீழிறக்க அதனால் முடிந்தது. கந்தக இழப்பும் நின்றது. இரண்டிலுமே வெற்றிடம் தானாக வினை செய்யவில்லை, வினை செய்யும் அணுவைப் பிடித்து வைத்திருந்தது. இனி வரும் ஆண்டுகளில் குறைபாடுகளின் பெரும்பயன் இந்தத் திசையில்தான் வரும் என்று நம்புகிறேன்.

இந்த இரண்டு பொருள்களுக்கும் இடையில் ஓர் உயிர்த்தொடர்பும் உண்டு. எரிபொருளில் கந்தகம் மிஞ்சியிருந்தால் அது எஞ்சினில் கந்தக டைஆக்சைடாகி, சீரியாவின் பரப்பில் சல்பேட்டாகப் படிகிறது. ஆக்சிஜன் வந்துபோகும் வாசல் அடைபடுகிறது. பாரத் ஸ்டேஜ் 4-இல் கிலோவுக்கு 50 மில்லிகிராம் வரை இருந்த கந்தக வரம்பு, 2020 ஏப்ரல் 1 முதல் ஸ்டேஜ் 6-இல் 10-ஆக இறங்கியதற்கு இது முக்கியக் காரணங்களில் ஒன்று. ஆலையிலுள்ள கந்தக வெற்றிடம் ஒழுங்காக வேலை செய்தால்தான், வண்டியிலுள்ள ஆக்சிஜன் வெற்றிடம் பிழைத்திருக்கும்.

கடைசியாக, அளப்பதைப் பற்றி. என் கவலையெல்லாம் இங்கேதான் இருக்கிறது. இல்லாத அணுவை எப்படிக் காண்பது? மிகக் கூர்மையான படங்களே ஏமாற்றியிருக்கின்றன. 2005-இல் இத்தாலியின் திரியெஸ்தே ஆய்வாளர்கள் சீரியாவின் பரப்பில் வெற்றிடங்கள் வரிசையாகச் சேர்ந்து நிற்பதை எஸ்டிஎம் படங்களில் காட்டினார்கள். துறையையே அசைத்த கட்டுரை அது. 2014-இல் ஸ்வீடன் கணக்கீட்டாளர்கள் ஒரு கேள்வி எழுப்பினார்கள்: சீரியாவின் படங்களில் வெற்றிடம் என்று படித்த சில அடையாளங்கள், மாசாகத் தங்கிய ஃபுளோரின் அணுக்களாக இருக்கலாமே? மறுபக்கம், மாலிப்டினம் டைசல்பைடைக் காற்றில் நாள்பட வைத்திருந்தால் கந்தக இடங்களில் ஆக்சிஜன் தானாக வந்து அமர்வதை 2018-இல் ஹங்கேரி ஆய்வாளர்கள் காட்டினார்கள். அந்த இடங்களும் ஹைட்ரஜன் வினைக்கு உதவுகின்றன. மறு ஆண்டு, இதன் உறவுப் பொருள்களான மாலிப்டினம் டைசெலினைடிலும் டங்ஸ்டன் டைசல்பைடிலும் வெற்றிடம் என்று கருதப்பட்டவை பெரும்பாலும் ஆக்சிஜன் நிரம்பிய இடங்களே என்று பெர்க்லி ஆய்வாளர்கள் சொன்னார்கள். போதாக்குறைக்கு, பார்க்கப் பயன்படும் எலக்ட்ரான் கற்றையே 80 கிலோவோல்ட்டை ஒட்டிய ஆற்றலில் கந்தகத்தைத் தட்டியெடுத்துப் புதிய வெற்றிடங்களை உண்டாக்கும்.

இவ்வளவு எச்சரிக்கைகள் இருந்தும், ஆயிரக்கணக்கான கட்டுரைகளில் நாம் காண்பது வேறு. எக்ஸ் கதிர் ஒளி எலக்ட்ரான் நிறமாலையில் ஆக்சிஜனுக்குரிய பகுதியில், 531 எலக்ட்ரான் வோல்ட்டை ஒட்டித் தோள்போல ஒரு மேடு தெரிகிறது. அதை ‘ஆக்சிஜன் வெற்றிடம்’ என்று குறித்து, பரப்பளவைக் கணக்கிட்டு, சதவீதம் போட்டுவிடுகிறார்கள். இல்லாத அணுவிலிருந்து எலக்ட்ரான் வெளிவராது. அந்த மேடு பெரும்பாலும் பரப்பில் ஒட்டியிருக்கும் ஹைட்ராக்சில், நீர், கார்பனேட் ஆகியவற்றுடையது. சீரியாவின் வெற்றிடத்துக்குச் சான்று வேண்டுமென்றால் சீரியத்தின் நிறமாலையில் மூன்று சுமை நிலையைக் காட்ட வேண்டும், ராமன் நிறமாலையில் 465 செ.மீ⁻¹-இல் உள்ள முதன்மைக் கோட்டோடு 600-ஐ ஒட்டிய குறைபாட்டுப் பட்டையைக் காட்ட வேண்டும். அவையும் வினை நடக்கும் சூழலிலேயே எடுக்கப்பட்டால் இன்னும் நல்லது.

பயன்பாட்டில் எது முந்துகிறது என்று கேட்டால், சீரியாதான். நாற்பது ஆண்டுகளுக்கும் மேலாகச் சாலையில் ஓடி நிரூபித்த வெற்றிடம் அது. தன்னைத் தானே புதுப்பித்துக்கொள்வதால் நீடிக்கிறது. தட்டை முகத்துக் கந்தக வெற்றிடம் பெரும்பாலும் ஆய்வுக்கூடத்தில்தான் இருக்கிறது. ஹைட்ரஜன் எடுப்பதில் பிளாட்டினத்தை அது இன்னும் முந்தவில்லை. ஆனால் ஓர் அணுவின் இடத்தைத் தேர்ந்து, இழுத்து, நிரப்பி, நுணுக்கமாகச் செதுக்கும் வாய்ப்பு மாலிப்டினம் டைசல்பைடில் கூடுதல். அடுத்த பத்தாண்டில் அடிப்படை அறிவு அங்கிருந்துதான் அதிகம் வரும் என்பது என் கணிப்பு.

நம் பல்கலைக்கழகங்களில் இந்தத் துறையில் ஆய்வேடு எழுதும் மாணவர்களும் அவர்களின் நெறியாளர்களும் ஏராளம். அவர்களுக்கு என் வேண்டுகோள் இதுதான். வெற்றிடத்தின் சதவீதத்தை எழுதும்போது, அது எங்கே இருக்கிறது, எலக்ட்ரான்கள் எங்கே போயின என்பதையும் காட்டுங்கள். மாதிரி எத்தனை நாள் காற்றில் இருந்தது என்று குறிப்பிடுங்கள். வினை முடிந்த பிறகு அதே மாதிரியை எடுத்து இன்னொரு முறை அளந்து, அந்த எண்ணையும் அதே அட்டவணையில் போடுங்கள்.